துவர்ப்பும் கசப்பும் ஒன்றல்ல: வைன் கட்டுரை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிவந்த, எந்த உணவோடு எந்த வைனை அருந்தலாம் என்ற கட்டுரையையும் அதன் கீழிருந்த அட்டவணையையும் படித்தேன். பாரிஸ் நகரின் உணவகங்களில், முதலில் குசினியிலும் பின்னர் பரிமாறும் கூடத்திலுமாக, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில், அதில் ஒரு சொல் பிழையாக இடம்பெற்றிருப்பதையும், அந்த ஒரு சொல்லால் அட்டவணையில் பாதி பிழையாகிப்போயிருப்பதையும் சுட்டிக்காட்டவே இதனை எழுதுகிறேன். கட்டுரையின் முதற்பத்தி, பழங்காலத்தில் ரோமர் வைன் வந்த அரிக்கமேட்டுச் சாடிகள் வரை போய்வந்தது பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

அந்தச் சொல் 'கசப்பு'. சிவப்பு வைனில் கசப்பு மிகுதி, ஆகவே அது இறைச்சிக்கு உரியது. வெள்ளை வைனில் கசப்பு இல்லை, ஆகவே அது மீனுக்கு உரியது என்று கட்டுரையாளர் எழுதுகிறார். அவர் கருதுவது டனின் என்ற பொருளைத்தான் என்பது தெரிகிறது. ஆனால் டனின் தருவது முதன்மையாகத் துவர்ப்பு. கசப்பு அதனோடு சிறிதளவு கூட வரலாம், வராமலும் போகலாம். பாகற்காய் கசக்கும், பாக்குத் துவர்க்கும். இவ்விரண்டையும் மயங்குகிற தமிழ்ப் பிள்ளை ஒன்றை நான் கண்டதில்லை. எங்கள் உணவகத்தில் பயிற்சிக்கு வந்த பிரெஞ்சு இளைஞர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பிடிபடச் செய்ய வாரக்கணக்காகும். வாழைப்பொத்தி அரிந்த கையும் நாவற்பழம் தின்ற நாக்கும் உள்ளவர்களுக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கையில் இருக்கிற சரியான சொல்லை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்ததுதான் எனக்கு வருத்தம்.

கறுப்புத் திராட்சையின் விதையொன்றை முன்பல்லால் கடித்துப் பார்த்தால் நாக்கும் உட்கன்னமும் ஒருமித்து வறண்டு, வாயின் வழுவழுப்பு நொடிப்பொழுதில் மறைவதை உணரலாம். உமிழ்நீருக்கு அந்த வழுவழுப்பைத் தருபவை அதிலுள்ள புரதங்கள். டனின் அவற்றைப் பற்றித் திரளச் செய்துவிடுகிறது. சிவப்பு வைன் தோலோடும் விதையோடும் நொதிக்கவிடப்படுவதால் நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே அதனுள் இறங்குகின்றன. வெள்ளை வைனுக்கோ சாற்றைப் பிழிந்தெடுத்துத் தோலை முன்னதாகவே நீக்கிவிடுகிறார்கள். பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து வெண்ணிற ஷாம்பேனைச் செய்ய முடிவது இதனால்தான். ஆகவே நிறம் என்பது துவர்ப்பு இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே. அதே பினோ நுவாரில் செய்த சிவப்பு வைன் பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும். பிரான்சின் தென்மேற்கில் தன்னா என்ற திராட்சையில் செய்யப்படும் மதிரான் வைனோ, இளமையில் குடித்தால், பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் வாயை இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் 'சிவப்பு' என்ற ஒரே கட்டத்துக்குள் போட்ட அட்டவணை யாருக்கும் உதவப்போவதில்லை.

துவர்ப்பு என்று சொல்லிவிட்டால், இறைச்சியோடு சிவப்பு வைன் ஏன் பொருந்துகிறது என்பதும் தானாகவே விளங்கிவிடும். சாயம் கூடிய வெறுந்தேநீர் நாக்கைச் சுரண்டும். அதில் ஒரு கரண்டி பாலை விட்டால் சுரண்டல் அடங்கிவிடும். தேயிலையின் துவர்ப்பு எங்கும் போய்விடவில்லை; உமிழ்நீரின் புரதத்தைப் பிடிப்பதற்கு முன்னரே அது பாலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. வாட்டிய மாட்டிறைச்சித் துண்டொன்றைக் கொழுப்போடும் உப்போடும் மென்றுவிட்டு பிரான்சின் பொர்தோ பகுதியில் செய்த இளம் சிவப்பு வைனை ஒரு மிடறு அருந்தினால் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கின்றன, உப்பு அதன் முரட்டுத்தனத்தை மேலும் குறைக்கிறது, துவர்ப்போ வாயில் படிந்த கொழுப்பைத் துடைத்து அடுத்த துண்டுக்கு இடமளிக்கிறது. கசப்பு என்று வைத்துக்கொண்டால் இவற்றில் எதற்கும் விளக்கம் கிடையாது.

ஆனால் அந்த இறைச்சி எப்படிச் சமைக்கப்பட்டது என்ற கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை. இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடத்தில் பரிமாறத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் எனக்கு வந்திருந்த காலம் அது. மூத்த மகளின் பிறந்தநாளுக்கு, இரண்டு நாட் சம்பளத்தைக் கொடுத்து, மெதோக் பகுதியின் பொர்தோ வைன் மூன்று போத்தல்கள் வாங்கினேன். மனைவி, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போட்டு ஆட்டிறைச்சிக் கறி சமைத்திருந்தார். ஆடு இறைச்சி, பொர்தோ சிவப்பு. சட்டப்படி எல்லாம் சரி. முதல் மிடறோடு மைத்துனர் முகத்தைச் சுளித்து, "அத்தான், இது என்ன கசாயமோ?" என்று கேட்டார். உறைப்பு நாக்கில் எரிந்துகொண்டிருக்க, வைன் அதை இன்னும் கிளறிவிட்டது. வைனின் துவர்ப்பும் இரண்டு மடங்காகத் தெரிந்தது. சிறிது நேரத்தில் அவர் தம் கிண்ணத்தில் பாதிக்குக் கொக்கக்கோலாவை ஊற்றிக் கலந்து, மனநிறைவோடு குடிக்கத் தொடங்கினார். அன்று எனக்கு அது பெரும் அவமானமாக இருந்தது. சிவப்பு வைனும் கோலாவும் கலந்த பானம் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் பெயர் பெற்ற ஒன்று என்பதையும், இனிப்பும் குளிர்ச்சியும் உறைப்பைத் தணிக்கும் என்ற அளவில் மைத்துனர் செய்தது சரியே என்பதையும் பின்னாளில்தான் அறிந்தேன்.

மறுநாள் இதை எங்கள் தலைமைச் சமையற்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உங்கள் கறியில் ஆட்டின் சுவை எவ்வளவு, தூளின் சுவை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் வைனைத் தெரிவுசெய்யும்போது கோழியா, ஆடா, மீனா என்பதைவிட, அதன் மேல் ஊற்றப்படும் குழம்பு எது என்பதையே பெரிதும் பார்ப்பார்கள். ஒரே கோழிக்கு, பாலாடைக் குழம்பில் வெந்தால் ஒரு வைன், சிவப்பு வைனிலேயே வெந்தால் வேறொரு வைன். நம்முடைய கறியில் குழம்புதான் எல்லாமே. உறைப்பு என்பது உண்மையில் நாவின் சுவையன்று. சூடு பட்டால் எரிச்சலை உணர்த்தும் அதே நரம்புகளை மிளகாயின் காரப்பொருள் தூண்டிவிடுகிறது. மதுசாரமும் அதே நரம்புகளைத் தொடுவதால், நூற்றுக்குப் பதினான்கு பங்கு மதுசாரம் உள்ள வைனை உறைப்பான கறியோடு அருந்துவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவதற்கு ஒப்பாகும். ஆட்டிறைச்சிக் கறிக்குத் 'திடமான சிவப்பு' என்று அட்டவணை சொல்வதை நம்பி யாரும் என்னைப்போல் இரண்டு நாட் சம்பளத்தை இழந்துவிடக் கூடாது.

மீனுக்கு வருகிறேன். நான் முதலில் கோப்பை கழுவச் சேர்ந்த உணவகம் மொன்பார்னாஸ் பகுதியில், கடலுணவுக்குப் பேர்போனது. பிரான்சின் மேற்குக் கரைப் பக்கமான நாந்துக்கும் பிரெத்தாஞ்சுக்கும் போகிற ரயில்கள் புறப்படும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அட்லாண்டிக் கரையின் சிப்பிகள் அந்தப் பகுதியின் மேசைகளில் குறைவின்றி இருக்கும். உணவகத்தின் வாசலில், பனிக்கட்டிக் குவியலுக்குப் பின்னால் நின்று, குட்டையான கத்தியால் சிப்பி திறப்பதையே தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவர் இருந்தார். கடை பூட்டும் நேரத்தில் மிஞ்சிய சிப்பி ஒன்றை எனக்குத் தின்னத் தந்தார். நானும், மேசையிலிருந்து திரும்பி வந்த போத்தலில் அடியில் கிடந்த சிவப்பு வைனை அதன்மேல் ஒரு வாய் குடித்தேன். துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் வாய் முழுவதும் இரும்பு நாறியது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு சிப்பியையும் தமது கிண்ணத்திலிருந்த முஸ்கடே என்ற வெள்ளை வைனையும் தந்தார். அந்த வைனுக்கென்று தனித்த மணம் பெரிதாக எதுவும் இல்லை; புளிப்பும், கடற்காற்றில் இருக்கிறதுபோன்ற ஒரு மெல்லிய உவர்ப்புணர்வும் மட்டுமே. தேசிக்காய் பிழிந்து தின்றதுபோல் சிப்பி இனித்தது. நாந்த் நகரைச் சூழ்ந்த பகுதியில், 1709 ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பழைய கொடிகள் பட்டுப்போன பின்னர் பரவலாக நடப்பட்ட மெலோன் என்ற திராட்சையிலிருந்து அது செய்யப்படுகிறது. நொதித்து முடிந்த மண்டியின் மேலேயே குளிர்காலம் முழுவதும் விட்டுவைப்பதால் அதற்கு ஒரு திரட்சி வருகிறது.

கடலுணவோடு அருந்தும்போது எழும் நாற்றத்துக்குக் காரணம் உண்மையிலேயே வைனிலுள்ள இரும்புதான் என்பதை 2009 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பலவகை வைன்களை ஸ்கலப் என்ற சிப்பியின் சதையோடு சுவைக்கச் செய்து பார்த்ததில், வைனில் கரைந்திருக்கும் இரும்பின் அளவு கூடக்கூட மீன்வெடில் மிகுந்தது. இங்கேயும் பிழை நிறத்தினுடையதன்று. சிவப்பு வைனில் இரும்பு கூடுதலாக இருப்பது பொதுவான போக்கு என்றாலும், இரும்பு குறைந்த சிவப்பு வைன்களும் இருக்கவே செய்கின்றன. 'மீனுக்குச் சிவப்பு ஆகாது' என்று அட்டவணை தடித்த எழுத்தில் விதித்திருக்கிறது. ஆனால் பொர்தோ ஊரின் புகழ்பெற்ற பழைய உணவுகளில் ஒன்று, விலாங்கைப் போன்ற லாம்ப்ரேயை அதன் இரத்தத்தோடும் லீக்ஸோடும் அவ்வூர்ச் சிவப்பு வைனிலேயே வேகவைப்பது. அதற்குத் துணையாக மேசைக்கு வருவதும் அதே சிவப்பு வைன்தான். ஆற்று விலாங்கைச் சிவப்பு வைனில் சமைக்கும் மத்லோத் என்ற உணவும் உண்டு. வாட்டிய சால்மன் மீனுக்கு, சற்றுக் குளிர்வித்த பினோ நுவாரை நானே எத்தனையோ மேசைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைத்திருக்கிறேன். ஒருவரும் போத்தலைத் திருப்பி அனுப்பியதில்லை.

புளிப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். உணவின் புளிப்பு வைனின் புளிப்பை மிஞ்சிவிட்டால் வைன் சப்பென்று ஆகிவிடும். வினாகிரி ஊற்றிய சலாதுக்கு வைன் தேடுவது வீண் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது இதனாலேயே. நமக்கோ இது இன்னும் கடினம். பழப்புளியின் புளிப்பும் திராட்சையின் புளிப்பும் பெரும்பாலும் ஒரே அமிலத்தால், டார்டாரிக் அமிலத்தால், வருபவை. புளிக்குழம்பில் அந்த அமிலம் வைனில் இருப்பதைவிட மிகவும் செறிவாக இருப்பதால், எவ்வளவு விலையுயர்ந்த வைனும் அதற்கு முன்னால் தண்ணீராகத் தெரியும். சொதி அப்படியல்ல. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் தேசிக்காயின் அளவான புளிப்பும் மஞ்சளின் மணமும் கொண்ட மீன் சொதியோடு, பச்சைமிளகாயை மட்டும் குறைத்துவிட்டால், முஸ்கடே நன்றாகவே பொருந்துகிறது என்பதை என் வீட்டு மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சீஸுக்கு எப்போதும் சிவப்பு என்ற வரியும் அட்டவணையில் இருக்கிறது. பிரான்சிலேயே மிகப் பரவலான தவறு இது என்பதால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லுவார் ஆற்றுப் பக்கத்தில் சான்செர் என்ற ஊரில் சோவிஞோன் திராட்சையில் புளிப்பான வெள்ளை வைன் செய்கிறார்கள். அதை ஒட்டியே இருக்கும் ஷவிஞோல் என்ற சிற்றூர் ஆட்டுப்பாற் சீஸுக்குப் பெயர் பெற்றது. ஆட்டுப்பாற் சீஸ் தானே புளிப்பானது. துவர்ப்பான சிவப்பு வைன் அதன்மேல் பட்டால் சுண்ணாம்பைத் தின்றதுபோல் இருக்கும், சான்செர் வெள்ளை பட்டால் சீஸில் ஒளிந்திருந்த பால்மணம் எழும். நீலப்பூஞ்சணம் ஓடிய, உப்பு மிகுந்த ரொக்ஃபோர் என்ற செம்மறிப்பாற் சீஸுக்கோ சொத்தேர்ன் என்ற இனிப்பு வைன்தான் துணை. சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலக்கும் அந்தப் பகுதியில், இலையுதிர்காலத்துக் காலைப் பனிமூட்டத்தால் திராட்சையில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்து, பழத்தின் நீர் வற்றி, சீனி செறிந்துவிடுகிறது. அப்படி வாடிய பழங்களைப் பொறுக்கியெடுத்துப் பிழிவதே சொத்தேர்ன். உப்பும் இனிப்பும் கொழுப்பும் சந்திக்கிற அந்த ஒரு வாய், விளாம்பழத்தைப் பனங்கட்டியோடு தின்றவர்களுக்கு முற்றிலும் அந்நியமாக இராது.

கலியாணக் கேக்குக்குப் 'புரூ' வகை ஷாம்பேன் என்ற வரியை சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். லட்டுத் தின்றபின் சீனி போட்ட தேநீரும் இனிக்காது என்பது நமக்குத் தெரிந்ததே. வைன் தன்னோடு வருகிற பலகாரத்தைவிட இனிப்பாக இல்லையென்றால் வெறும் புளிப்பாகவே தெரியும், புரூ என்பதோ சீனி குறைந்த வகை. பாரிசில் நம்மவர் கலியாண மண்டபங்களில் கேக் வெட்டியதும் நிறைந்த கிண்ணங்கள் மேசை மேசையாகத் தொடாமல் கிடப்பதை நான் எண்ணிக்கையின்றிப் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் அடுத்த இதழில் அட்டவணையை மீண்டும் வெளியிடும் எண்ணம் இருந்தால், 'கசப்பு' என வரும் இடங்களில் 'துவர்ப்பு' என்று திருத்துமாறும், நிறத்தை வைத்துப் பிரித்த கட்டங்களைத் துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, மதுசாரத்தின் அளவு என்பவற்றை வைத்துப் பிரிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பிரான்சில் 1991 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதுபான விளம்பரம் ஒவ்வொன்றிலும் அளவுமீறிய குடி உடல்நலத்துக்குத் தீங்கானது என்ற வரி இடம்பெற்றாக வேண்டும். தங்கள் கட்டுரை விளம்பரம் இல்லை என்றாலும், வைனை இதயத்துக்கு மருந்து என்று சொல்லும் அதன் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு அந்த வரியைப் போட்டிருக்கலாம். தொழில் நிமித்தம் ஒரு நாளில் இருபது வைன்களைச் சுவைக்கிறவர்கள் ஒவ்வொரு மிடறையும் துப்பிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

நண்டுக் கறிக்கு எந்த வைன் என்று கேட்டிருந்த வாசகருக்கு, 'ஏதேனும் ஒரு வெள்ளை' என்று பதில் தரப்பட்டிருந்தது. அவர் நண்டை வெறும் உப்பில் அவித்துத் தின்பவரானால் அந்தப் பதில் போதும். முருங்கையிலையும் மிளகாய்த்தூளும் போட்டு ஊர் முறையில் சமைப்பவரானால், ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் திராட்சையில் செய்யப்படும் கபினெட் வகையை, சற்று இனிப்பு எஞ்சியதாகவும் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பங்குக்கு மேல் மதுசாரம் இல்லாததாகவும் பார்த்து வாங்கி, நன்றாகக் குளிரவைத்து அருந்தலாம். கெவுர்ஸ்ட்ராமினர் என்ற மணம் மிகுந்த வெள்ளை வைனைப் பலரும் சொல்வார்கள்; அதன் ரோசாப்பூ மணம் நண்டுக் கறியோடு சண்டையிடுவதாகவே எனக்குப் படுகிறது. ரீஸ்லிங் கிடைக்காவிட்டால் தேசிக்காய்த் தண்ணீருக்குச் சீனி போட்டுக் குடிப்பது நல்லது. என் வீட்டில் நண்டு சமைக்கிற நாட்களில் மேசைக்கு வருவது அதுதான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உணவகப் பணியாளர் ஒருவர்,
பாரிஸ்.